பத்தில் ஐந்து சொல்

என் கணவனுக்கு மறக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அப்போது அவன் எனக்குக் கணவன்கூட இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மலாக்கி ஹான்ரஹனுக்கு இருபத்திரண்டு வயது. மாகாண ரக்பி அணியோடு முதல் ஒப்பந்தம் போட்டிருந்தான். நூலா என்கிற எனக்கு இருபத்து மூன்று. செப்டம்பரில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை எடுக்கப்போகிறேன் என்ற பெருமையில் ஜூலை முழுவதும் எழுத்து அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை பயிற்சி முடிந்து வந்தவன், ஈரக் காலணியைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தான்.

"நாளைக்குத் தலை டெஸ்ட். ஜார்லத் சொல்றான், அதுல மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டிடாதேன்னு."

ஜார்லத் டூஹி அணியிலேயே மூத்தவன். கழுத்தே இல்லாத முன்வரிசைக்காரன். புதுப் பையன்களுக்கு அவன் சொல்வதுதான் வேதம்.

"நல்லா செஞ்சா என்னடா தப்பு?"

மலாக்கி விளக்கினான். ஆட்டப் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொருவனையும் அணி டாக்டர் கூப்பிட்டுப் பத்துச் சொற்களைப் படித்துக் காட்டுவார். திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்த மதிப்பெண் கோப்பில் ஏறிவிடும். பிறகு ஆட்டத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டால் உள்ளறைக்கு அழைத்துப்போய் அதே சோதனையைப் பன்னிரண்டு நிமிடத்தில் செய்து பார்ப்பார்கள். கோப்பில் இருப்பதைவிடக் குறைந்தால் ஆள் வெளியே, அதுவும் இரண்டு வாரத்துக்கு. குறையாவிட்டால் களத்துக்குத் திரும்பலாம்.

"இப்ப பத்தும் சொல்லிட்டு, பிப்ரவரில அடிபட்டு ஏழு சொன்னேன்னு வை, தொலைஞ்சேன். இப்பவே அஞ்சு சொல்லி வெச்சா, அன்னைக்கு ஏழு சொல்றப்ப டாக் முதுகுல தட்டிக் களத்துக்கு அனுப்புவார்."

"ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"ரெண்டு வாரம் என் சட்டையை இன்னொருத்தன் போடுவான் நூலா. அவன் நல்லா ஆடிட்டா சட்டை அவனோடது."

நான் அதிர்ச்சியடைந்தேன் என்று இங்கே எழுதினால் அது பொய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அணியில் பாதிப் பேர் செய்வதுதான், காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடுவது போல. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "சரி, செஞ்சு காட்டு" என்றேன். வாளி, கம்பளி, ஏணி, மழை, சாவி, குதிரை, ரொட்டி, ஜன்னல், பாலம், ஊசி. வாய்க்கு வந்த பத்தைச் சொன்னேன். அவன் பத்தையும் சொன்னான். பிறகு கொழுப்பெடுத்துத் தலைகீழாகவும் சொன்னான்.

"பீத்திக்காத. இப்ப மறந்துபோன மாதிரி சொல்லு."

"வாளி, கம்பளி, ஏணி, மழை, சாவி" என்று சொல்லி நிறுத்தினான்.

"இதுக்குப் பேரு மறதியா? பாதில கடையைச் சாத்தின மாதிரி இருக்கு. டாக்டர் என்ன மடையனா?"

சின்னப் பிள்ளைகள் எப்படி மறக்கிறார்கள் என்பதை அப்போதுதான் பயிற்சிக் கல்லூரியில் படித்து முடித்திருந்தேன். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் இரண்டும் மனதில் ஒட்டிக்கொள்ளும். கடைசி இரண்டும் காதிலேயே நிற்கும். போவதெல்லாம் நடுவில் இருப்பதுதான். ஆகவே நடுவிலிருந்து ஒன்றே ஒன்றைப் பொறுக்கிக்கொள். ஒன்றைத் தப்பாகவும் சொல்லு, ரொட்டிக்குப் பதிலாக வெண்ணெய் என்று. நான்காவது சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறு.

அவன் தடுமாறிக் காட்டினான். பாவமன்னிப்புக் கூண்டில் மாட்டிக்கொண்ட பாதிரியாரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "வாளி... கம்பளி... வெண்ணெய்..." என்றான். நான் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தேன். அவன் என்னைப் பிடித்து நிறுத்தி முத்தமிட்டான். மறுநாள் மாலை கதவைத் திறந்ததும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

பதினொரு ஜூலை மாதங்கள் இப்படியே போயின. சோதனைக்கு முந்தைய மாலை மீனும் வறுவலும் வாங்கி வருவோம். நான் பத்துச் சொல் சொல்வேன், அவன் ஐந்தை மறப்பான். எங்கள் வீட்டுப் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது அது.

மலாக்கியின் சட்டை எண் இரண்டு. எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தோள் கோத்து முட்டித் தள்ளும்போது முன்வரிசையின் நடுவில், இரண்டு கைகளும் இரு பக்கமும் சிக்கியபடி, தலையை மட்டும் முன்னால் கொடுத்து நிற்பவன் அவன். முதல் இரண்டு ஆண்டுகள் மாற்றாளாக மழையில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் ஆண்டு சட்டை அவனுடையதானது. அதற்கப்புறம் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காதுகள் முட்டைக்கோசு போலச் சுருண்டன. இடது கணுக்காலில் இரண்டு திருகாணி. ஒரே ஒரு முறை நாட்டுக்காகப் பச்சைச் சட்டை போட்டான், கோடைச் சுற்றுப்பயணத்தில் ஏழு நிமிடம். இரண்டு பருவம் மாகாணத்துக்குத் தலைவனாக இருந்தான். இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போனான், இரண்டிலும் தோற்றான். அவன் கையில் கோப்பை மட்டும் வரவே இல்லை.

இதற்கிடையில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. கிளியோனா பிறந்தாள். மூன்று முறை அவன் தலையில் அடிபட்டு உள்ளறைக்குப் போனான். மூன்று முறையும் களத்துக்குத் திரும்பினான். அரங்கமே எழுந்து கைதட்டியது, நானும் தட்டினேன். ஒரு முறை வீட்டுக்கு வந்து, "ஏழு சொல்லித் தொலைச்சிட்டேன் நூலா. டாக் சந்தேகப்படுவார், கொஞ்சம் அடக்கியிருக்கணும்" என்று வருத்தப்பட்டான். "பேராசைக்காரன்" என்று சொல்லி, வீங்கிய நெற்றியில் குளிர்ச்சிக்கு உறைந்த பட்டாணிப் பையை வைத்தேன்.

இந்த ஆண்டு ஜனவரியில் அவன் நான்காவது முறையாக உள்ளறைக்குப் போனான்.

பெரிய அடியே இல்லை. எதிரணிக்காரன் ஒருவனின் இடுப்பெலும்பு இவன் காதோரம் இடித்தது. எழுந்து நின்றான், ஓடினான். ஆனால் தவறான பக்கம் ஓடினான். அணி டாக்டர் கியோ கொடியை அசைத்து அவனை வெளியே எடுத்தார். பதினோரு நிமிடத்தில் திரும்பி வந்தான், ஆட்டத்தை ஜெயித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் கார் ஓட்டியது நான்.

"எவ்ளோ சொன்னே?" என்று கேட்டேன், வழக்கம்போல.

"அஞ்சு."

"கெட்டிக்காரன்."

வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்:

"நடிக்கல நூலா."

"என்னது?"

"இந்தத் தடவை நடிக்கல. பத்தும் சொல்லணும்னுதான் பார்த்தேன், சும்மா எனக்கே தெரிஞ்சுக்கலாமேன்னு. அஞ்சுதான் வந்துது. டாக் கோப்பைப் பார்த்தார். 'அச்சு அசலா உன் நம்பர்தான்டா'ன்னு அனுப்பிட்டார்."

நான் காரை ஓரம் கட்டினேன். பின்னால் காரில் வந்தவன் ஒலியெழுப்பி, மலாக்கியின் முகத்தைக் கண்டதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

அன்றே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மலாக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, மே மாதம் வரைக்கும் என்றான். "இந்த வருஷம் டீம் அமைஞ்சிருக்கு நூலா. கோப்பை இல்லாம நான் எப்படிப் போறது? மே முடியட்டும். நானே நிறுத்திடறேன். உன்மேல சத்தியம்." பதினொரு ஆண்டுகள் அவனோடு சேர்ந்து அந்தக் கோப்பைக்காகக் காத்திருந்தவள் நான். சரி என்றேன்.

பிப்ரவரியில் வெளிச்சம் அவனுக்கு ஆகாமல் போனது. பயிற்சியிலிருந்து வந்து காரிலேயே உட்கார்ந்திருப்பான். கதவைத் திறந்தால், "வரேன், ஒரு நிமிஷம்" என்பான். மார்ச்சில் கிளியோனா பால் கொட்டியதற்கு அவளை நோக்கிக் கத்தினான். பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் அதை உள்ளே எறிவது இரண்டாம் எண்காரனின் வேலை. யாருக்கு எறிய வேண்டும் என்பது சங்கேதச் சொல்லில் வரும். எதிரணி கண்டுபிடிக்காமலிருக்க ஒவ்வொரு வாரமும் அதை மாற்றுவார்கள். முன்பெல்லாம் ஒரு முறை காதில் விழுந்தாலே அவனுக்குப் போதும். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தச் சொற்களை மணிக்கட்டு ஒட்டுப்பட்டையில் பொடி எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அவன் களத்துக்குப் போனான்.

மே இரண்டாவது சனிக்கிழமை கிளியோனாவுக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணை. அடுத்த சனிக்கிழமை அரையிறுதி.

பூசை நன்றாக நடந்தது. வெள்ளை உடையில் கிளியோனா நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கி, முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள். வீட்டுக்குப் பின்னால் எல்லா வீடுகளையும்போல் நாங்களும் பிள்ளைகள் குதித்து விளையாடும் காற்றுக் கோட்டையை வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்தோம். அதிசயமாக மழை இல்லை. ஜார்லத் கிளியோனாவின் ஞானத்தந்தை என்ற முறையில் வந்திருந்தான். ஓய்வு பெற்று இப்போது டிராக்டர் விற்கிறான். அவனுக்கு ஒரு குறையும் கிடையாது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் உடுத்தியிருந்த நீல உடை ஐந்து வருடம் முன்னால் எந்த விருந்துக்குப் போட்டது என்பதைக்கூடச் சொன்னான்.

"அப்பா, நீயும் வா" என்று கூப்பிட்டாள் கிளியோனா.

"நூத்திப் பத்துக் கிலோ ஏறினா உன் கோட்டை வெடிச்சிடும்டி."

"பயந்தாங்கொள்ளி."

அப்படிச் சொல்லிவிட்டால் அவன் சும்மா இருப்பானா? மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறினான். ஏழெட்டுப் பிள்ளைகள் அவனைச் சுற்றிக் குதித்தார்கள். நான் வெட்டிய சாண்ட்விச்சுகளைத் தட்டில் அடுக்கியபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளியோனா துள்ளி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய நெற்றி அவன் கன்னத்தில் இடித்தது. அவ்வளவுதான். எட்டு வயதுப் பெண்ணின் நெற்றி. அவளுக்கு ஒரு சிவப்புக்கூட இல்லை.

மலாக்கி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்து அவன் முதுகில் ஏறினார்கள். நானும் ஜார்லத்தும் ஓடிப்போய் அவனைக் காற்றுக் கோட்டையிலிருந்து இறக்கினோம். நடந்துதான் வந்தான். வேலியோரம் நின்று வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைப் பார்த்தான். அங்கே எந்தப் பட்டையும் இல்லை.

"சங்கேதம் என்ன?" என்று என்னிடம் கேட்டான். "எறியணும். யாருக்குன்னு சொல்லு."

"மல், வீட்டுல இருக்கோம்."

"நேரம் போயிட்டிருக்கு நூலா. நடுவர் பார்க்கறார்."

உள்ளே அழைத்துப்போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுக்க வைத்தேன். அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டான். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து கேக்கை வெட்டுவதற்குக் கிளியோனாவின் கையைப் பிடித்தான், புகைப்படங்களில் சிரித்தான். மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது கேட்டான், "பொண்ணுக்கு நற்கருணை அடுத்த வாரம்தானே? அரையிறுதியோட மோதுமே?"

கிளியோனா என்னைப் பார்த்தாள். "அப்பா விளையாடறார்" என்றேன். அவள் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் சிரித்தாள்.

அன்று மாலை ஜார்லத்துக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு ஆட்டம் நூலா" என்றான். "பதினோரு வருஷம் உழைச்சிருக்கான். இப்ப கைல வர்ற கோப்பையை நீ தட்டி விட்டா, அதை மட்டும் அவன் மறக்க மாட்டான்."

"அடுத்த அடி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அதான் ஜார்லத். உனக்கு ஒண்ணும் ஆகல."

மலாக்கியிடம் பேசிப் பார்த்தேன். மே என்றுதானே பேச்சு என்றான். குழந்தை இடித்ததற்கெல்லாம் கணக்குப் பார்ப்பாயா என்றான். திங்கட்கிழமை எல்லாருக்கும் வழக்கமான சோதனை இருக்கிறது, அதில் தேறாவிட்டால் நானே உட்கார்ந்துவிடுகிறேன் என்றான். அதில் அவன் தேறிவிடுவான் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சோதனையில் அவன் தேறாமல் போவதற்கு வழியே இல்லாமல் செய்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். டாக்டர் ஃபின்டன் கியோ தம் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக அவர்தான் அணி டாக்டர். கிளியோனாவுக்கு அம்மை வந்தபோது ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்கே வந்து பார்த்தவர்.

சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஜனவரியிலிருந்து நடப்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"நூலா, நேத்து டெஸ்ட் பண்ணினேன். அஞ்சு. போன வருஷம் அஞ்சு. அதுக்கு முன்னாடி அஞ்சு, ஆறு, அஞ்சு. முதல் வருஷத்துலேர்ந்து பாரு. மாற்றமே இல்லை. தலைவலி, கோபமெல்லாம் வேற காரணத்தாலயும் வரும். அரையிறுதி வாரம் வேற."

"அந்த அஞ்செல்லாம் என்னோடது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முதல் ஜூலையிலிருந்து தொடங்கிச் சொன்னேன், முதல் இரண்டு, கடைசி இரண்டு, நடுவில் ஒன்று, ஒரு தப்பு என்பது வரை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொரு வருடத் தாளிலும் அதே வடிவம். அவர் விரல் அதன்மேலேயே நகர்ந்தது.

"இதை நீ பயந்துபோய்ச் சொல்றியா?"

"டீச்சராச் சொல்றேன் டாக்டர். எப்படி மறக்கணும்னு சொல்லிக்குடுத்தது நான்."

"நாலு தடவை" என்றார். "நாலு தடவை இதைப் பார்த்துட்டு அவனைக் களத்துக்கு அனுப்பியிருக்கேன்." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் என்மேல் கோபமாக இருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து கதவைத் திறந்து மலாக்கியைக் கூப்பிட்டார்.

சேறு அப்பிய முழங்காலோடு வந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"அவளுக்குப் பயம் டாக்" என்றான் சிரித்தபடி. "நான் எப்பவுமே மக்குதான். பசங்களைக் கேளு. ஜார்லத்தைக் கேளு. ஸ்கூல்ல பின் பெஞ்சு. அஞ்சு சொன்னதே பெரிசு."

தன்னை மக்கு என்று அவன் இவ்வளவு ஆசையோடு சொல்லி நான் கேட்டதில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி. இப்ப பத்து வார்த்தை சொல்றேன். இந்தத் தடவை ஒளிக்காம சொல்லு. எட்டு, ஒன்பது சொல்லிட்டேன்னா, இத்தனை வருஷம் என்னை ஏமாத்தினேன்னு அர்த்தம். திட்டுவேன். ஆனா மண்டை நல்லா இருக்குன்னும் அர்த்தம். சனிக்கிழமை ஆடலாம். அஞ்சோ, அதுக்குக் கீழயோ வந்தா, நூலா சொல்றது நிஜம்னு எடுத்துப்பேன். ஆட முடியாது."

மலாக்கியின் சிரிப்பு நின்றது. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். முக்கியமான எறிதலுக்கு முன் கோட்டோரம் நின்று பந்தைத் துடைப்பானே, அதே மாதிரி.

டாக்டர் நிதானமாகப் படித்தார். குடை, மீன், மேசை, தொப்பி, ஆறு, மெழுகு, கோழி, கதவு, உப்பு, வண்டி.

"குடை" என்றான் மலாக்கி. "மீன்." மூச்சு விட்டான். "உப்பு. வண்டி."

வெளியே யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. அவன் தரையைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் வகுப்புப் பிள்ளைகள் விடை தெரியாதபோது பார்ப்பார்களே, அப்படி என் உதட்டைப் பார்த்தான். மீதி ஆறு சொற்களும் எனக்குத் தெரியும். மேசை என்று உதடு குவித்தாலே போதும், மற்றதை அவன் பிடித்துக்கொண்டிருப்பானோ என்னவோ. பதினொரு வருடம் அப்படித்தான் அவனுக்கு உதவியிருக்கிறேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். அவன் கண்ணிலிருந்து என் கண்ணை எடுக்கவுமில்லை.

"படகு" என்றான் கடைசியில், மெதுவாக.

டாக்டர் எழுதுகோலை வைத்தார்.

காரை நான்தான் ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் சொன்னான். குரலை உயர்த்தவேயில்லை.

"அன்னைக்கு நீ சொல்லிக்குடுத்தது தப்பு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. இன்னைக்கு நீ செஞ்சது உன்னோடது மட்டும். இதை நான் மன்னிக்க மாட்டேன் நூலா."

"சரி" என்றேன்.

அணி அரையிறுதியில் ஜெயித்தது. இறுதியிலும் ஜெயித்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டாம் எண் சட்டையில் ஆடினான், நன்றாகவே ஆடினான். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு ஜார்லத் கோப்பையை வீட்டுக்கே கொண்டுவந்தான். மலாக்கி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கிளியோனாவோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, கனமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான். கோடை முழுவதும் மலாக்கி பக்கத்து அறையில் படுத்தான். என்னிடம் பால், பில், பெண்ணின் பள்ளி என்பதற்கு மேல் பேசவில்லை. துணிகளை மட்டும் எப்போதும்போல் அவன்தான் மடித்தான், என்னுடையதையும் சேர்த்து.

அக்டோபரில் டப்ளினில் நரம்பியல் நிபுணர் ஒருவரைப் பார்க்க நேரம் கிடைத்தது. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். அந்த அம்மாள் மூளையின் படங்களைப் பார்த்துவிட்டு, அணியிலிருந்து வந்த கோப்பைப் புரட்டினார்.

"இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். "எவ்வளவு போயிருக்குன்னு தெரியணும்னா, முன்னாடி எவ்வளவு இருந்ததுன்னு தெரியணும். இந்தத் தாளெல்லாம் பொய்னு சொல்றீங்க. வேற ஏதாவது இருக்கா? பள்ளிக்கூட மதிப்பெண், வேலைப் பரீட்சை?"

பதினேழு வயதில் விளையாட்டுப் பயிலகத்தில் சேர்ந்தவனுக்கு என்ன மதிப்பெண் இருக்கும்?

"நீங்களே சொல்லுங்க. எப்படி இருந்தார்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திருமண விருந்தில் தாள் இல்லாமல் பேசினான், வந்தவர்களில் ஒருவர் பெயரையும் விடவில்லை. கிளியோனாவுக்குப் படிக்கும் கதையில் ஒரு வரி தாண்டினால் பக்கத்து அறையிலிருந்தே திருத்துவான். சின்ன வயதில் மாமாவின் பண்ணையில் வளர்ந்தான். அங்கே இருந்த அறுபத்தியொரு மாடுகளையும் காதுப் பட்டையைப் பார்க்காமலே, பின்பக்கத்தைப் பார்த்தே எண் சொல்லிவிடுவான் என்று அவன் மாமா கல்யாணத்தில் சொல்லிச் சிரித்தார்.

மலாக்கி அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது திரும்பினான். மே மாதத்துக்குப் பிறகு என் பேச்சுக்கு நேராகப் பதில் சொன்னது அன்றுதான்.

"அறுபத்தி மூணு" என்றான். "அறுபத்தியொண்ணு இல்ல நூலா. அறுபத்தி மூணு."

மாமா இறந்து நான்கு வருடம் ஆகிறது. மாடுகளை அதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் இப்போது யாருமில்லை. எனக்கு நினைவிருப்பது அறுபத்தியொன்று.

டாக்டர் அம்மாள் எழுதுகோலோடு என்னைப் பார்த்தார்.

"அறுபத்தி மூணு" என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.